ரிப்புக்குத் தமிழில் ஒரு போர்டு

சதுரங்கப்பட்டினம்,
போகிப் பண்டிகை, மாலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கஸ்தூரிரங்கன் அவர்கள் சமூகத்துக்கு, லட்சுமணன் இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் லதாவும் மகன் ஷ்யாமும் சௌக்கியம். செங்கல்பட்டில் தாங்களும் சம்பந்தியம்மா சௌந்தரவல்லி அவர்களும், மாப்பிள்ளை ஹர்ஷவர்தனும், என் மகள் சுஷ்மிதாவும், நம் இருவருக்கும் பொதுச் சொத்தான பேத்தி அதிதியும் சௌக்கியமாக இருக்கத் திருக்கழுக்குன்றத்து வேதகிரீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்குப் பெருமாள்தான் என்பது தெரியும். எனக்குப் பேருந்து வசதி இவரிடம் போவதற்குத்தான் இருக்கிறது, தவறாக நினைக்க வேண்டாம்.

தங்கள் பழைய கைப்பேசியைக் கடல் கொண்டுபோய்விட்டது. புதிதில் என் எண்ணை இன்னும் ஏற்றவில்லை என்றும், எதுவானாலும் எழுத்தில் வரட்டும் என்று தாங்கள் சொல்லிவிட்டதாகவும் சுஷ்மிதா தெரிவித்தாள். நியாயம்தான். முப்பது வருஷம் ஆங்கில வாத்தியாராக இருந்தவர் எழுத்தில் கேட்பது வழக்கம், முப்பத்திரண்டு வருஷம் கல்பாக்கத்தில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்தவன் எழுத்தில் கொடுப்பதும் வழக்கம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும்.

போன மாதம் பதினான்காம் தேதி தாங்கள் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தீர்கள். டச்சுக்காரன் கோட்டையைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குப் போனோம். "அந்தப் பக்கம் அலை பலமாக இருக்கு, இதோ இங்கே குளம் மாதிரி இருக்கே, கால் நனைச்சுண்டு வரேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினீர்கள். முழங்கால் ஆழத்தில் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அடுத்த முறை பார்த்தபோது தாங்கள் தென்னை மர உயரத்துக்கு அப்பால் இருந்தீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த வேண்டாமிர்தத்தின் மகன், ஊரில் அவனையும் வேண்டா என்றுதான் கூப்பிடுவார்கள், பாய்ந்து வந்து தங்களைப் பிடித்து, நேராகக் கரைக்கு இழுக்காமல் நண்டு போவது போலப் பக்கவாட்டில் கொண்டுபோய் வேறு இடத்தில் கரை சேர்த்தான். வேட்டி சேரவில்லை. அது பற்றி மேற்கொண்டு எழுதவில்லை. லதாவின் துண்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மணலில் பல் கிடுகிடுக்க உட்கார்ந்துகொண்டு தாங்கள் சொன்ன முதல் வார்த்தை "ரிப்". இரண்டாவது வார்த்தை "கரண்ட்". என் மூளை ஸ்டோர்ஸ் மூளை, அதற்கு நேரம் காலம் தெரியாது. "இதற்குத் தமிழில் என்ன சம்பந்தி?" என்று கேட்டுவிட்டேன். தாங்கள் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு, "அந்த இடத்துல ஒரு எச்சரிக்கைப் பலகை நிக்கற வரைக்கும் அதிதி இந்தப் பக்கம் வரமாட்டா" என்றீர்கள். காணும் பொங்கலுக்கு அதிதி வராத வருஷம் இதுவரை எங்களுக்குக் கிடையாது. லதா அன்று இரவு என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது, பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பலகை எழுதத்தானே வேண்டும், எழுதினால் போயிற்று என்று தாங்கள் நினைக்கலாம். எங்கள் இலாகாவில் உருப்படியின் பெயர் சரியாக இல்லாவிட்டால் ஒரு ஆணியைக்கூட உள்ளே எடுக்க மாட்டோம், வெளியே கொடுக்கவும் மாட்டோம். பெயரே தெரியாத ஒன்றைப் பற்றி ஜனங்களை எப்படி எச்சரிப்பது? சுஷ்மிதா கல்யாணத்தில் தாங்கள் பரிசளித்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். ரிப் என்றால் கிழி, பிள, பிய் என்று போட்டிருந்தது. "கிழி நீரோட்டம், ஜாக்கிரதை" என்று ஒரு தாளில் எழுதி லதாவிடம் காட்டினேன். "ஏங்க, ஆபீஸ்ல முப்பத்திரண்டு வருஷம் கிழிச்சது போதாதா, கடலை வேற கிழிக்கணுமா?" என்றாள்.

அவள் சொன்னதில்தான் எனக்கு ஆவல் கிளம்பியது. நாமும் கிழிப்பதில் லேசுப்பட்டவர்கள் இல்லை, சம்பந்தி. தேதி கிழிக்கிறோம், டிக்கெட் கிழிக்கிறோம், மேடையில் எதிரியை நார் நாராகக் கிழிக்கிறோம், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து என்னத்தைக் கிழித்தாய் என்று கேட்கிறோம். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் என்றும் சொல்கிறோம். ஆனால் கடல் தன்னைத் தானே கிழித்துக்கொண்டால் அதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? வெள்ளைக்காரன் இந்த ஒரு வார்த்தையை எங்கெங்கே வைத்திருக்கிறான் என்று தெரிந்தால் ஒருவேளை வழி பிறக்கும் என்று, ஒரு நோட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

முதலில் டெய்லர் ரெஜினா. ரிப் என்றதும் அந்த அம்மாள் மிஷினை நிறுத்திவிட்டு, "அத்த ஏன் சார் கேக்கற? புது ஜீன்ஸு எட்தாந்து முட்டியில ரெண்டு எடத்துல கியிச்சி குடுன்றாங்க. நானு பாவமேன்னு ஒருத்தனுக்கு ஒட்டு போட்டு தச்சி குட்தேன், என்னாண்ட சண்டைக்கு வந்துட்டான்" என்றார். கிழிப்பதிலும் கணக்கு உண்டாம். நூல் ஓடுகிற பக்கமாகக் கிழித்தால் தானாகப் போய்க்கொண்டே இருக்கும், குறுக்கே கிழித்தால் பிசிறு தொங்கும். பிசிறுதான் நாகரிகம். எழுதிக்கொண்டேன்.

அடுத்து திருக்கழுக்குன்றத்தில் மரக்கடை சுப்பிரமணி. அவரும் அதையேதான் சொன்னார், மரத்தில். "நீட்டுல அறுத்தா ரிப்பிங்கு, குறுக்கால அறுத்தா வெறும் கட்டிங்கு." மரத்தின் ரேகை போகிற வழியில் வாள் போகிறதாம், அதனால் சுலபமாம். அப்படியானால் ஓட்டுக்கூரைக்கு அடிக்கிறோமே, ரீப்பர் கட்டை, அந்தப் பெயரும் இந்த ரிப்பிலிருந்துதான் வந்ததா என்று கேட்டேன். "எங்க அப்பா காலத்துலேர்ந்து அது ரீப்பருதான் சார்" என்றார். இரண்டும் உறவா இல்லையா என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எழுதவும், அந்த இடத்தை நோட்டில் காலியாக விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஷ்யாம் ஒரு பட்டியல் வைத்திருந்தான். குறுந்தகட்டிலிருந்து பாட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றினால் ரிப்பாம். தகடு கிழியாது, பாட்டும் கிழியாது. ஜிம்முக்குப் போய் வயிற்றில் கட்டம் கட்டமாக வரவழைத்தவனும் ரிப்தானாம். வண்டியை முழு வேகத்தில் விட்டால் அதுவும் அதுவேயாம். சுற்றுலா வந்தவனிடம் இளநீருக்கு இரண்டு மடங்கு வாங்கினால் ரிப்புக்குப் பின்னால் ஒரு ஆஃப் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். நாம் அதைத் தோலை உரிப்பது என்போம். இறந்தவர் படத்துக்குக் கீழே புள்ளி வைத்துப் போடுகிற மூன்றெழுத்து இதில் சேராது, அது தனிக் குடும்பம் என்று அவனே சொன்னதால் அதை விட்டுவிட்டேன். இத்தனையும் எழுதிக்கொண்ட பிறகும் கடலுக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

கடைசியில் வேண்டாவிடமே போனேன். அவனுடைய அக்கா கன்னியம்மா, மீன் விற்கிற அம்மாள், பக்கத்தில் இருந்தார். இதற்கு உங்கள் பேச்சில் என்ன பெயர் என்று கேட்டேன். "பேரு இன்னா சார் பேரு? இசுக்குது. அவ்ளோதான்" என்றார் கன்னியம்மா, இழுக்கிறது என்ற அர்த்தத்தில். வேண்டா மட்டும் பொறுமையாக மணலில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினான். "அல தண்ணிய கொணாந்து கொட்டிகினே கீது இல்ல, அது திரும்பிப் போவணுமே சார். உள்ள மணல் மேடு கீது. அது எங்க ஒடஞ்சி கீதோ அந்த சந்துல பூந்து மொத்த தண்ணியும் ஓடும். அந்த எடத்துல அல ஒடையாது. பாக்க கம்முனு இருக்கும். ஐயரு நல்ல எடம்னு அங்கதான் எறங்கனாரு." தாங்கள் ஐயங்கார் என்று நான் திருத்தினேன். "யாரா இருந்தாலும் இசுக்கும்" என்றார் கன்னியம்மா.

சம்பந்தி, எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. துணி நூல் போகும் வழியில் கிழிகிறது, மரம் ரேகை வழியில் பிளக்கிறது, கடலும் தனக்கு இளகின இடமாகப் பார்த்துக் கிழிந்துகொள்கிறது. எங்கோ ஒரு தீவில் உட்கார்ந்திருந்த ஒருவன் இதையெல்லாம் ஒரே வார்த்தையில் போட்டுவைத்திருக்கிறான். இந்தச் சந்தோஷத்தில்தான் நான் கடற்கரை நலச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போய்த் தொலைத்தேன்.

சங்கத் தலைவர் ஜெயகிருஷ்ணன் பெரிய மனுஷர், இரும்புக்கடை வைத்திருக்கிறார். பலகை வைக்க உடனே சம்மதித்தார். வார்த்தைதான் அமையவில்லை. ஒருவர் பிளவோட்டம் என்றார், ஒருவர் பறிநீர் என்றார், ஒருவர் அப்படியே ரிப் என்று போட்டால்தான் படித்தவன் பயப்படுவான் என்றார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. முடிவில் தலைவர், "வார்த்தை கெடக்கட்டும் சார், உபயதாரர் பேரு மொதல்ல எழுதிக்குங்க" என்றார். பேருந்து நிழற்குடையில் ஆரம்பித்து டியூப் லைட் வரைக்கும் நம் பக்கத்தில் உபயம் எழுதாமல் எது நின்றிருக்கிறது? தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வாழ்த்துரை இருவர், உபயம் ஒருவர், எல்லாருக்கும் படம். பிளெக்ஸ் கடை கார்த்தி அச்சடித்துக் கொண்டுவந்ததைப் பார்த்தேன். எட்டடிப் பேனரில் ஏழு அடிக்குத் தலைகள் சிரித்துக்கொண்டிருந்தன. கடல் இழுக்கும் என்கிற விஷயம் கீழே, பிஸ்கட் பாக்கெட்டில் மாவு எவ்வளவு என்று போடுகிற எழுத்தில் இருந்தது. ஜனங்கள் அதைப் பார்த்து, யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு நேரே தண்ணீருக்குள் போனார்கள்.

அதுவும் ஒரு நாள்தான் நின்றது. கடற்காற்றில் பிளெக்ஸ் தாங்காது என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். காற்று புகுந்து போகட்டும் என்று பேனர்க்காரர்கள் கத்தியால் அங்கங்கே அரை வட்டமாகக் கீறிவிடுவார்கள். தானாகப் பெரிதாகக் கிழியாமல் இருக்க அவர்களே சிறிதாகக் கிழிப்பது. கார்த்தியும் தொழில் முறைப்படி ஆறு கீறல் போட்டான். அதில் ஒன்று ஜெயகிருஷ்ணனின் இடது கன்னத்தில் விழுந்தது. மறுநாள் காலையில் காற்றடிக்க அடிக்கக் கன்னம் திறந்து திறந்து மூடியது. எட்டு மணிக்குள் அவருடைய ஆட்கள் இருபது பேர் கூடிவிட்டார்கள். "தலீவரு மூஞ்ச கியிச்சவன் எவன்டா?" என்று ஒரே கூச்சல். ஒருவர் எதிர்க்கோஷ்டி என்றார், ஒருவர் மறியல் என்றார். கார்த்தி என் பின்னால் வந்து நின்றுகொண்டு, "சார், காத்துக்கு வுட்டேன்னு நீயே சொல்லு சார்" என்றான். நான் நடுவில் நின்று, ஐயா, இது கிழிப்பு அல்ல, கிழியாமல் இருப்பதற்கான கீறல், துணியில் என்ன நடக்கிறது என்றால், என்று ரெஜினா சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். அவர்கள் கேட்கிற நிலையில் இல்லை. பேனரைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்று காணும் பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது.

அப்போது நான் உண்மையிலேயே பயந்தேன், சம்பந்தி. அதிதி வராதது ஒரு பக்கம். காணும் பொங்கலன்று இந்தக் கடற்கரையில் எத்தனை பிள்ளைகள் இறங்குவார்கள் என்று தங்களுக்குத் தெரியும். அலை இல்லாத இடமாகத்தான் தாய்மார்கள் பார்த்து இறக்குவார்கள். தங்கள் தலை தண்ணீரில் போய்ப் போய் வந்தது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஜெயகிருஷ்ணன் வீட்டுக்குப் போய் அவரைக் கெஞ்சினேன். நான் என் உத்தியோக காலத்தில் யாரையும் கெஞ்சினது கிடையாது, என்னைத்தான் எல்லாரும் கெஞ்சுவார்கள்.

அவரும் கல் நெஞ்சக்காரர் இல்லை. தகரப் பலகையே அடித்துத் தருகிறேன், ஆனால் உபயதாரர்கள் பெயர் இல்லாமல் எப்படி என்றார். மீன் கொடுக்க வந்த கன்னியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "பேர பலகைக்கு பின்பக்கமா எயுதிக்கோ தலீவரே. தப்பிச்சி வர்றவன் கடல்லேர்ந்து கரைய பாத்துதான வருவான்? யாருக்கு கும்பிடு போடணும்னு அவனுக்குத் தெரிய வாணாமா?" என்றார். ஜெயகிருஷ்ணனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியே தீர்மானமாயிற்று.

ஆகவே, இன்று போகிப் பண்டிகையன்று பகல் பதினொன்றரை மணிக்குப் பலகை நாட்டப்பட்டது என்பதைத் தங்களுக்கு எழுத்து மூலமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். கடல் பக்கம் எட்டுப் பெயர்கள். கரைப் பக்கம், வேண்டாவும் கன்னியம்மாவும் சொல்லச் சொல்ல நான் எழுதியது: "இங்கே இறங்காதே. அலை இல்லாத இடம்தான் இழுக்கும். இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தாதே. பக்கவாட்டில் போ. கையைத் தூக்கிக் கத்து." அதன் கீழே ஒரு அம்புக்குறி போட்டு, "குளிப்பவர்கள் இடப்பக்கம் நூறடி தள்ளிக் குளிக்கவும்". ரிப் என்ற வார்த்தையும் இல்லை, அதற்குத் தமிழும் இல்லை. முதலில் எனக்கு மனசு ஒப்பவில்லை. பிறகு இரண்டு கல்லூரிப் பையன்கள் அதைப் படித்துவிட்டு இடப்பக்கமாகத் தள்ளிப்போனதைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

ஸ்டோர்ஸில் இருந்தவனுக்கு எது எப்படிக் காணாமல் போகும் என்று தெரியும். அதனால் இரண்டரை அடிக் குழி எடுத்து, ஜல்லியும் சிமெண்டும் போட்டு, இரும்புக் குழாயை நடுவில் நிறுத்திக் கெட்டிப்படுத்தியிருக்கிறேன். யானை வந்தாலும் அசையாது. தங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டபடியால், காணும் பொங்கலன்று காலை அதிதியைத் தாமதமின்றி அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். லதா அவளுக்கு மயில் நிறத்தில் பாவாடை எடுத்து வைத்திருக்கிறாள். பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம், மாப்பிள்ளைக்கும் சுஷ்மிதாவுக்கும் ஆசிகள், பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கடிதத்தை நாளை ஷ்யாம் வண்டியில் கொண்டுவந்து நேரில் தருவான்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
லட்சுமணன்

பின்குறிப்பு: பொங்கல், காலை ஏழு மணி. ஷ்யாம் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது கன்னியம்மா வந்து அவனை நிறுத்தச் சொன்னார். "சார், அது நவுந்துச்சு" என்றார். எது என்று கேட்டேன். "நீ பேரு தேடிகினு இருந்தியே, அது." ஓடிப்போய்ப் பார்த்தேன். பலகைக்கு எதிரே அலை பொங்கிப் பொங்கி உடைகிறது, ஒரு குறையும் இல்லை. இடப்பக்கம் நூறடி தள்ளி, என் அம்புக்குறி எங்கே காட்டுகிறதோ மிகச் சரியாக அங்கே, கடல் குளம் போல இருக்கிறது. வேண்டா ஒரு தேங்காய் மட்டையை வீசினான். நான் பத்து எண்ணுவதற்குள் அது தங்களை விட வேகமாகப் போய்விட்டது. "மணலு மேடு ஒரே எடத்துல குந்திகினு இருக்குமா சார்? வாரத்துக்கு ஒரு தபா மாறும். உனுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்கிறான். தெரிந்திருந்தால் நான் ஏன் சிமெண்டு போடுகிறேன்? மூன்று பேர் சேர்ந்து பிடுங்கிப் பார்த்தோம், பலகை அசையவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். தற்போதைக்கு லதாவின் பழைய புடவையைச் சுற்றிக் கட்டி மறைத்திருக்கிறேன். ஆக, தாங்கள் கேட்ட பலகை இல்லை. அதிதியை அனுப்புங்கள் என்று கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை, முடிவு தங்களுடையது. காணும் பொங்கலன்று காலை ஆறு மணியிலிருந்து இருட்டும் வரை, அது எங்கே நகர்கிறதோ அங்கே நானும் வேண்டாவும் கன்னியம்மாவும் பலகைக்குப் பதிலாக நிற்கப்போகிறோம். இன்று காலையே இரண்டு குடும்பங்களிடம் சொல்லிப் பார்த்தேன், இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, நீ யார் சொல்வதற்கு என்கிறார்கள். தங்களால் முடியுமானால் தாங்களும் வந்து எங்களோடு நில்லுங்கள், சம்பந்தி. நாங்கள் எல்லாம் கேள்விப்பட்டதைச் சொல்கிறவர்கள். உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தவர் தாங்கள் ஒருவர்தான், தாங்கள் சொன்னால் கேட்பார்கள்.